கான்ஃபரன்ஸ் விரிவும் பங்குப் பணமும்: கல்லூரிக் கால்பந்தில் எது நியாயமான பங்கீடு?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு வட்டாரத்துக்குள் அடங்கியிருந்த கான்ஃபரன்ஸ்கள் இன்று ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை விரிந்தது ஏன் என்பது ஒன்று. தொலைக்காட்சியிலிருந்து வரும் பணத்தை உறுப்பினர்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதா, அதிகப் பேர் பார்க்கும் அணிக்கு அதிகமாகத் தருவதா என்பது மற்றொன்று. ஓரிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வாழ்ந்து, இந்த ஆட்டத்தையும் அதன் கணக்குவழக்கையும் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டாக விற்ற பணத்தின் பெரும்பகுதியைச் சமமாகவே பிரிக்க வேண்டும். களத்தில் ஈட்டிய வெற்றிக்கென ஒரு சிறு பகுதியைத் தனியே வைக்கலாம். பார்வையாளர் எண்ணிக்கையைப் பங்கீட்டின் அளவுகோலாக ஆக்கவே கூடாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். ஆடுவோர் பல்கலைக்கழக மாணவர்கள். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளவும், அந்த ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை ஒரே மூட்டையாக விற்கவும் பல்கலைக்கழகங்கள் அமைத்துக்கொண்ட கூட்டணி.

ஒரு காலத்தில் இந்த விற்பனை முழுவதும் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கையில் இருந்தது. எந்த அணியும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்றுகூட அது விதித்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இந்த ஏற்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட கருத்தை எழுதிய நீதிபதி பைரன் வைட், தம் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்தவர். இன்று நாம் பேசும் எல்லாமே அந்தத் தீர்ப்பிலிருந்துதான் கிளைக்கிறது, ஏனெனில் அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள் விற்பனையாளர் என்ற இடத்துக்குக் கான்ஃபரன்ஸ்கள் வந்துவிட்டன; விற்பவர் தம் சரக்கைப் பெருக்கிக்கொள்ள நினைப்பது இயல்பு. தென்கிழக்குக் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி., ஆர்கன்சாவையும் தென் கரோலைனாவையும் சேர்த்துப் பன்னிரண்டு அணிகளாகி, 1992-இல் முதன்முதலாகக் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் ஒன்றை நடத்திக் காட்டியது. டெக்ஸஸை மையமாகக் கொண்ட பழைய சௌத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-இல் மறைந்து, அதன் நான்கு அணிகள் பிக் 12 என்னும் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன.

விரிவின் காரணம் இடையில் ஒரு முறை மாறியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பங்குச் சண்டை ஏன் இப்போது வெடித்தது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது. பிக் டென் கான்ஃபரன்ஸ் 2007-இல் தனக்கென ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியபோது, அதன் வருமானம் கேபிள் இணைப்பு வைத்திருந்த வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்திருந்தது. ஒரு வீட்டில் யாரும் ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் அந்த வீட்டுக் கட்டணத்தில் ஒரு சிறு தொகை கான்ஃபரன்ஸுக்கு வந்து சேரும். 2014-இல் ரட்கர்ஸும் மேரிலண்டும் சேர்க்கப்பட்டதற்கு அவற்றின் ஆட்டத்திறனைவிட, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களைச் சுற்றியிருந்த லட்சக்கணக்கான கேபிள் வீடுகளே பெரிய காரணம். அந்த வருமானத்தை இது இன்ன அணி கொண்டுவந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை என்பதால், சமப் பங்கீட்டை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பிறகு மக்கள் கேபிளைத் துண்டித்து இணையவழிச் சேவைகளுக்கு மாறத் தொடங்கியதும், ஒளிபரப்பு நிறுவனங்கள் வீடுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சனிக்கிழமை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை எத்தனை கோடிக் கண்கள் பார்த்தன என்று எண்ணத் தொடங்கின. அந்த எண்ணிக்கையை அணிவாரியாகப் பிரித்துக் காட்ட முடியும். டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போனதும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகங்கள் இரண்டும் பிக் டென்னுக்குப் போனதும் இந்தக் கணக்கினால்தான். “இந்தக் கண்கள் என்னுடையவை, எனவே பணமும் என்னுடையதே” என்ற வாதம் பிறந்ததும் இதனால்தான்.

இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதை நான் என் ஊருக்கு அருகிலேயே பார்த்தேன். மேற்குக் கடற்கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸிலிருந்து யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் விலகுவதாக 2022 ஜூன் 30 அன்று அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலை இறுதியில் கொலராடோ போயிற்று. ஆகஸ்ட் 4 அன்று, ஒரே நாளில், ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கும் கிளம்பின. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் இடம் பிடித்தன. மிஞ்சியவை இரண்டே: கோதுமை வயல்கள் சூழ்ந்த புல்மன் என்னும் சிற்றூரிலுள்ள வாஷிங்டன் ஸ்டேட், கோர்வாலிஸ் நகரிலுள்ள ஓரிகன் ஸ்டேட். 1915-இல் பசிபிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸைத் தொடங்கிய நான்கு நிறுவனங்களுள் ஓரிகன் ஸ்டேட்டும் ஒன்று. பேக்-12 உறுப்பினர் என்ற நம்பிக்கையில் சுமார் 16 கோடி டாலர் செலவில் தன் அரங்கின் மேற்குப் பகுதியை இடித்துக் கட்டி, அது முழுமையாகத் திறந்த அதே 2023-இல்தான் அதன் கான்ஃபரன்ஸ் கலைந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று அந்த அரங்கில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தை நேரில் பார்த்தேன். மழை விடாமல் பெய்தது. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு முதியவர், மழைக்கோட்டின் மேல் பேக்-12-இன் முந்தைய பெயரான பேக்-10 என்ற சின்னம் பொறித்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, நான்கு பகுதிகளும் முடியும்வரை உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். 22-20 என்று ஓரிகன் ஸ்டேட் தோற்றது. வென்ற வாஷிங்டன் அந்தப் பருவத்தில் தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. தேசிய இறுதிக்குப் போகும் அணியிடம் இரண்டே புள்ளிகளில் தோற்ற ஓர் அணிக்கு, ஆட்டத்தரத்தைக் காரணம் காட்டி யாரும் கதவைச் சாத்தவில்லை. கோர்வாலிஸ் சிறிய ஊர், தொலைக்காட்சிச் சந்தை சிறியது என்பதே காரணம். அரங்கைவிட்டு வெளியேறும்போது அந்த முதியவர் படிக்கட்டில் நின்று களத்தை நெடுநேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிப் பங்கீட்டுக்கு வருகிறேன். பார்வையாளர் எண்ணிக்கையின்படி பிரிக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. ஃபுளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் தங்கள் சொந்தக் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி. மீதே வழக்குத் தொடுத்தன. எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் தம் உறுப்பினர்களுக்குக் கொடுப்பதைவிட ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் குறைவாகப் பெற்றுக்கொண்டு அவற்றோடு எப்படிப் போட்டியிடுவது என்றும், தங்களால் வரும் பணத்தைத் தங்களைவிடக் குறைந்த ஈர்ப்புள்ள அணிகளுக்குச் சமமாக ஏன் கொடுக்க வேண்டும் என்றும் அவை கேட்டன. ஒளிபரப்பு உரிமையை 2036 வரை கான்ஃபரன்ஸிடம் எழுதிக்கொடுத்துவிட்டதால் வெளியேறவும் வழியில்லாமல் இருந்தது. 2025 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. அடிப்படை ஒளிபரப்பு வருவாயில் 40 விழுக்காடு சமமாகப் பிரிக்கப்படும். 60 விழுக்காடு ஐந்தாண்டுப் பார்வையாளர் சராசரியின்படி பிரிக்கப்படும். வெளியேறுவதற்கான தொகை 16.5 கோடி டாலரில் தொடங்கி, ஆண்டுதோறும் 1.8 கோடி குறைந்து, 2030-31-இல் 7.5 கோடியில் நிற்கும்.

இந்த 60 விழுக்காட்டைத்தான் நான் தவறு என்கிறேன். பார்வையாளர் எண்ணிக்கை ஓர் அணியின் தனி உழைப்பால் மட்டும் வருவதில்லை. ஒளிபரப்பாளர் எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில், எந்த எதிரணியோடு ஆட்டத்தை வைக்கிறார் என்பதே அதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. நண்பகலில் அல்லது மாலையில் எல்லா வீட்டிலும் கிடைக்கும் பெரிய அலைவரிசையில் வரும் ஆட்டத்தையும், கிழக்கு நேரப்படி இரவு பத்தரைக்குத் தொடங்கும் ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி? பேக்-12 அணிகள் பல ஆண்டுகள் அந்தப் பின்னிரவு நேரத்தில்தான் ஆடின; நாட்டின் பாதிப் பேர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரம் பெற்ற அணிக்கு எண்ணிக்கை கூடும், எண்ணிக்கை கூடியதால் பணம் கூடும், பணம் கூடியதால் நல்ல பயிற்றுநரும் ஆட்டக்காரர்களும் கிடைப்பார்கள், அதனால் மறுபடியும் நல்ல நேரம் கிடைக்கும். இந்தச் சுழலில் ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டுமே இடமுண்டு.

இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை, ஏ.சி.சி.யின் 2024 பருவமே போதும். வழக்குத் தொடுத்திருந்த ஃபுளோரிடா ஸ்டேட் அந்த ஆண்டு இரண்டு ஆட்டங்களில் வென்று பத்தில் தோற்றது. அதே ஆண்டு புதிதாகச் சேர்ந்த டாலஸ் நகரத்து எஸ்.எம்.யு., ஒன்பது ஆண்டுகளுக்குக் கான்ஃபரன்ஸின் ஒளிபரப்புப் பங்கு எதுவுமே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தது. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் எட்டிலும் வென்றது. இறுதியாட்டத்தில் கிளெம்சனிடம், கடைசி நொடியில் 56 கஜத்திலிருந்து உதைக்கப்பட்ட, மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோலால் 34-31 என்று தோற்றது. ஆனாலும் தேசியப் பட்டத்துக்காகப் பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளே-ஆஃபுக்குத் தேர்வானது. ஐந்தாண்டுச் சராசரியால் பெரும் பெயருள்ள அணியின் ஒரு மோசமான ஆண்டு அதன் பங்கைப் பெரிதாகக் குறைக்காது; சிறிய பெயருள்ள அணியின் ஒரு மகத்தான ஆண்டு அதன் பங்கைப் பெரிதாகக் கூட்டவும் செய்யாது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் பெயர் பல பத்தாண்டு உழைப்பால் வந்தது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உழைப்புக்கான பலன் அதற்கு வேறு வழிகளில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.

பங்கிடப்படாத வருவாயைப் பற்றித்தான் சொல்கிறேன். நுழைவுச்சீட்டு, நன்கொடை, சட்டை-தொப்பி விற்பனை, உள்ளூர் விளம்பரம் இவற்றில் பெரும்பகுதி அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே போகிறது. மிச்சிகன் தன் சொந்த ஊரில் ஆடும் ஒவ்வொரு முறையும் 1,07,000-க்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கை நிரப்புகிறது. பெயரின் விலையை அது அங்கே முழுமையாக வசூலித்துக்கொள்கிறது. தொலைக்காட்சி ஆட்டத்துக்கோ இரண்டு அணிகள் வேண்டும். மிச்சிகன் தனக்குத் தானே எதிராக ஆடிக்கொள்ள முடியாது என்பதால், அந்தப் பணம் இருவர் சேர்ந்து உண்டாக்கிய பணம். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1961-இலேயே தேசியத் தொலைக்காட்சிப் பணத்தைச் சமமாகப் பிரிக்க முடிவெடுத்தது. நியூயார்க் ஜயன்ட்ஸின் மாரா குடும்பம் தன் மாபெரும் சந்தையின் மேலதிக வருவாயை விட்டுக்கொடுத்ததால்தான், சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே நகரத்தின் அணி இன்றும் அந்த லீகில் ஆடுகிறது.

கல்லூரி ஆட்டத்திலும் சமப் பங்கீட்டின் பலனைப் பார்க்கலாம். எஸ்.இ.சி. 2023-24-இல் சுமார் 80 கோடி டாலரைப் பகிர்ந்தது. உறுப்பினர் ஒருவருக்குச் சராசரியாக 5 கோடிக்கும் மேல் கிடைத்தது. அலபாமாவுக்குரிய அதே ஒளிபரப்புப் பங்குதான் கால்பந்தில் நெடுங்காலமாகப் பின்தங்கியிருந்த வாண்டர்பில்ட்டுக்கும். 2024 அக்டோபர் 5 அன்று, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை நாஷ்வில்லில் 40-35 என்று வாண்டர்பில்ட் வீழ்த்தியது. மாணவர்கள் களத்தில் இறங்கி, கோல்கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, நகரத்தின் நடுவே நடந்து கம்பர்லண்ட் ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிக் டென்னில் இண்டியானா, நாட்டிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளுள் ஒன்று. பார்வையாளர் கணக்கில் பிரித்திருந்தால் கடைசி வரிசைப் பங்குதான் அதற்குக் கிடைத்திருக்கும். சமப் பங்கோடு நல்ல பயிற்றுநரை அமர்த்திய அந்த அணி 2024-இல் பிளே-ஆஃபுக்குச் சென்றது. 2025 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று பிக் டென் பட்டத்தையும், பிறகு தேசியப் பட்டத்தையும் கைப்பற்றியது.

எதிர்த் திசையில் என்ன நடக்கும் என்பதற்குப் பிக் 12-இன் பழைய வரலாறு உண்டு. ஒளிபரப்புப் பணத்தில் பாதியைச் சமமாகவும் மீதியைத் தொலைக்காட்சியில் தோன்றிய எண்ணிக்கையின்படியும் அது பிரித்து வந்தது. 2011, 2012 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நெப்ராஸ்கா, கொலராடோ, டெக்ஸஸ் ஏ அண்ட் எம், மிசௌரி என்று பன்னிரண்டில் நான்கு வெளியேறின. டெக்ஸஸ் பல்கலைக்கழகம் 2011-இல் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான இ.எஸ்.பி.என்.னோடு சேர்ந்து, 20 ஆண்டுக்கு 30 கோடி டாலர் என்ற உடன்பாட்டில் தனக்கென்றே ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அவ்வளவு சலுகையும் அதை அங்கே கட்டிவைக்கவில்லை. கூட்டாளிகளைவிட அதிகம் பெற்ற பிக் 12-ஐ விட்டுவிட்டு, வாண்டர்பில்ட்டுக்குச் சமமாகவே பெறும் எஸ்.இ.சி.க்கு அது 2024-இல் சென்றது. முன்கூட்டியே விடுபடுவதற்காக டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்தன.

பேக்-12 சமமாகத்தானே பிரித்தது, அது ஏன் உடைந்தது என்று கேட்கலாம். சமப் பங்கு ஒரு கான்ஃபரன்ஸைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. அங்கே குறைவாக இருந்தது மொத்தப் பணம்தான். யு.எஸ்.சி. சமப் பங்கு தரும் ஓர் இடத்திலிருந்து சமப் பங்கு தரும் இன்னோர் இடத்துக்குத்தான் போனது. அந்தப் பிக் டென்னுக்கு ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் தருவதாக ஒப்புக்கொண்டன. பானை சிறியதாக இருக்கும்போது அகப்பையை மாற்றுவதால் பசி தீராது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் குறைந்த பங்கு தருவதை நான் எதிர்க்கவில்லை, ஏனெனில் நடப்பு ஒப்பந்தத்தின் தொகை அவர்கள் வருவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்டது. ஓரிகனும் வாஷிங்டனும் முதல் ஆண்டில் சுமார் 3 கோடி டாலரும், பிறகு ஆண்டுக்கு 10 லட்சம் கூடுதலாகவும் பெறுகின்றன. பழைய உறுப்பினர்கள் பெறுவதில் இது ஏறத்தாழப் பாதி. நடப்பு ஒப்பந்தத்தோடு இது முடிந்துவிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏழு ஆண்டுகளுக்கு 30 விழுக்காட்டுப் பங்குக்குச் சம்மதித்ததும், எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகள் எதுவும் வேண்டாம் என்றதும் இடம் கிடைக்காமல் போகுமோ என்ற அச்சத்தில் எழுதிய கையெழுத்துகள். கான்ஃபரன்ஸ்கள் அந்த அச்சத்தை விலையாக்கக் கூடாது.

விரிவின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பங்கீட்டில் சேர்த்தே பேச வேண்டும். கால்பந்து வாரத்துக்கு ஓர் ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. தனி விமானத்தில் போய் வரலாம். வாலிபால், சாஃப்ட்பால், நம்மூர்க் கால்பந்தான சாக்கர் ஆடும் மாணவிகளுக்கு அப்படியில்லை. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். வாரநாளில் ஆடி முடித்து இரவு விமானத்தில் திரும்பி, காலையில் வேதியியல் தேர்வு எழுதும் மாணவியின் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஆகவே பங்கிடுவதற்கு முன்பே, மொத்தத் தொகையிலிருந்து பயணச் செலவை எடுத்து வைக்க வேண்டும். இயன்றவரை கால்பந்தைத் தவிர்த்த மற்ற விளையாட்டுகளை வட்டார அளவில் அண்டைப் பல்கலைக்கழகங்களோடு ஆடவிட வேண்டும்.

ஆட்டக்காரர்களின் பங்கு இப்போது சட்டபூர்வமாகிவிட்டது. 2025 ஜூன் 6 அன்று ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் தரப்படும்; 2025-26-இல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வழங்கலாம். இந்த உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றே. ஒரே கான்ஃபரன்ஸில் ஒருவருக்கு அந்தத் தொகை எளிதாகவும், மற்றவருக்கு நீச்சல் அணியையோ டென்னிஸ் அணியையோ கலைத்தால்தான் முடியும் என்றும் ஆகுமானால், அந்த வரம்புக்குப் பொருளே இல்லை. சமப் பங்கீட்டுக்கு முன்பு இல்லாத ஒரு புதிய காரணம் இது.

என்னிடம் விட்டால் இப்படிப் பிரிப்பேன்: பயணச் செலவை முதலில் எடுத்து வைத்த பிறகு, மீதியில் எண்பது விழுக்காட்டைச் சமமாகக் கொடுப்பேன். எஞ்சிய இருபதை அந்தந்த ஆண்டின் வெற்றிக்கும், பிளே-ஆஃப் தகுதிக்கும், பட்டத்துக்கும் ஒதுக்குவேன். அடுத்த ஆண்டு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவேன். பிளே-ஆஃப் பணத்தை அதை வென்ற அணியிடமே விடும் முறையை ஏ.சி.சி. 2024-25-இல் தொடங்கியது, அது சரியான முடிவு, அதோடு நின்றிருக்கலாம்.

இந்தச் சதவீதங்கள் மறுபடியும் மேசைக்கு வரும் காலம் தொலைவில் இல்லை. பிக் டென்னின் ஒப்பந்தம் 2030-இல் முடிகிறது, பிக் 12-இன் ஒப்பந்தம் அதற்கு அடுத்த ஆண்டு. ஏ.சி.சி.யை விட்டு வெளியேறும் தொகை 7.5 கோடிக்கு இறங்குவதும் அதே காலத்தில்தான். அப்போது பெரிய அணிகள் மறுபடியும் இடம்பெயரப் பேசும். கான்ஃபரன்ஸ்கள் அவற்றை நிறுத்திவைக்கக் கூடுதல் பங்கை நீட்டும். இப்போது 16 முதல் 18 உறுப்பினர் வரை கொண்ட இந்தக் கூட்டணிகளில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வாக்கு உண்டு, சிறியவற்றுக்கும்தான். அந்த வாக்கைப் பயத்தில் போடுகிறார்களா, சேர்ந்து போடுகிறார்களா என்பதைப் பொறுத்தே அடுத்த கோர்வாலிஸ் எந்த ஊர் என்பது தெரியும்.